சொந்த மைதானம் இல்லாத சாம்பியன்: சென்னையின் எஃப்சி, 2015

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டு, படிப்பதற்காகச் சுருக்கப்பட்டது.)

"எப்பப் பார்த்தாலும் ராஜா, கோட்டை, கல்வெட்டுன்னே போறீங்களே, ஒரு தடவை நம்ம ஊர் டீம் கதை சொல்லுங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தருமபுரிக்காரன். எங்க மாவட்டத்துக்கு டீமே கிடையாது.

1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் தருமபுரி. 2004-ல் எங்களிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளி மைதானத்தில் கபடியோ வாலிபாலோ ஆடுகிற பசங்களைப் பார்க்கலாம். சம்பளம் வாங்கி, டிவியில் ஆடுகிற ஒரு ப்ரொஃபஷனல் டீம், எங்க ஊர்ப் பெயரோடு? இல்லை. அதனால் எங்களை மாதிரி மாவட்டத்துக்காரங்க எல்லாரும் ஒரு டீமைக் கடன் வாங்கித்தான் ரசிக்கிறோம். சென்னைக்கு 300 கிலோமீட்டர். பெங்களூருக்கு அதில் பாதிகூட இல்லை. எதை 'நம்ம டீம்'னு சொல்றது?

இந்த எபிசோட் அப்படிக் கடன் வாங்கின ஒரு டீமின் ஒரே ஒரு சீசன் பற்றியது. 2015 அக்டோபர் 3 முதல் டிசம்பர் 20 வரை, மொத்தம் 79 நாள். கால்பந்து பிடிக்காதவங்களும் கேளுங்க. இது பாதி மழையோட கதை.

பெயரில் இருக்கும் 'இன்'

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு ஒரு அணி வந்தது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, தோனி ஆகியோர் உரிமையாளர்கள். பெயர் 'சென்னையின் எஃப்சி'. கேட்டவுடனே எல்லாரும் சிரிச்சோம். சென்னையின்... என்ன? பாதியில் நிறுத்திய வாக்கியம் மாதிரி இருக்கேன்னு. 'சென்னையுடைய' அணி என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. ஆனால் பள்ளியில் படித்த இலக்கணத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. 'இன்' என்பது ஐந்தாம் வேற்றுமை உருபு. அதன் பொருள்களில் ஒன்று நீங்கல், அதாவது ஒரு இடத்தை விட்டு விலகிப் போவது. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் சீசனில் இந்த அணி புள்ளிப்பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். அப்போது ஐ.எஸ்.எல். அரையிறுதி என்பது இரண்டு ஆட்டம். ஒன்று நம்ம ஊரில், ஒன்று அவங்க ஊரில். இரண்டிலும் அடித்த கோலைக் கூட்டிப் பார்த்து யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்ணுவாங்க. கொச்சியில் சென்னை 0–3 என்று தோற்றது. எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. ஆனால் சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், 90 நிமிடத்துக்குள் சென்னை மூன்று கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடிக்க, கேரளா 4–3 என்ற மொத்தக் கணக்கில் தப்பித்தது.

மூணு கோல் முன்னிலைகூட பாதுகாப்பு கிடையாது என்பதை இந்த அணி முதல் வருஷமே கற்றுக்கொண்டது. இதையும் மனசில் வச்சுக்கோங்க.

பத்து ஆட்டம், பத்து புள்ளி

2015-க்கு வருவோம். எட்டு அணிகள். ஒவ்வொருவருக்கும் 14 லீக் ஆட்டங்கள். முதல் நான்கு இடம் பிடித்தால் அரையிறுதி. பயிற்சியாளர் மார்கோ மட்டராசி. பெயர் தெரியலைன்னாலும் ஆளைத் தெரியும்: 2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிடான் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர். நடுக்களத்தில் பிரேசிலின் எலானோ, முந்தைய சீசனில் அதிக கோல் அடித்தவர். முன்வரிசையில் கொலம்பியாவின் ஸ்டிவன் மென்டோசா, மிசோரமின் ஜெஜே லால்பெக்லுவா. எத்தியோப்பியாவின் ஃபிக்ரு டெஃபெராவும் இருந்தார். ஐ.எஸ்.எல். வரலாற்றின் முதல் கோலை அடித்தவர் அவர்தான், 2014-ல், கொல்கத்தா அணிக்காக.

அப்போதைய விதிப்படி களத்தில் இறங்கும் 11 பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம். ஐந்து பேராவது இந்தியராக இருக்க வேண்டும். அந்த இந்தியர்களிலும் பெரும்பாலானோர் வடகிழக்கு, பஞ்சாப், காஷ்மீர் என்று வந்தவர்கள். வியாசர்பாடி தனபால் கணேஷ் மாதிரி ஓரிருவர் தவிர, சென்னை மண்ணில் வளர்ந்த ஆட்கள் குறைவு. ஆக, 'சென்னையின்' அணியில் சென்னை எங்கேன்னு அப்போதே பலர் கேட்டாங்க. நியாயமான கேள்வி.

சீசனின் முதல் ஆட்டம் சென்னை நேரு ஸ்டேடியத்தில், நடப்பு சாம்பியன் அட்லெட்டிகோ டி கொல்கத்தாவுடன். 2–3 தோல்வி. அடுத்து டெல்லியில் 0–1. மூன்றாவது ஆட்டம் கோவாவில், ஃபட்டோர்டா மைதானத்தில். அங்கே 4–0 என்று அடி வெளுத்தார்கள். மென்டோசாவுக்கு ஹாட்ரிக். சரி, வண்டி கிளம்பிடுச்சுன்னு பார்த்தால், இல்லை. ஒரு வாரம் ஓடும், மூணு வாரம் நிக்கும்.

பத்து ஆட்டங்கள் முடிந்தபோது கணக்கு இப்படி: 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. 10 புள்ளி. பட்டியலில் எட்டாவது இடம். எட்டு அணியில் எட்டாவது.

மீதி நாலு ஆட்டம். நாலையும் ஜெயித்தாலொழிய வழியில்லை என்ற நிலை.

நாலுக்கு நாலு

அந்த நேரத்தில் சென்னையில் மழை ஆரம்பித்திருந்தது. நவம்பர் 10 தீபாவளி. அதையொட்டி வலுத்த வடகிழக்குப் பருவமழை முதலில் கடலூரைப் புரட்டிப் போட்டது. நவம்பர் நடுவில் சென்னையின் தென்புறத்தில் முடிச்சூர், தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அப்போது அது 'பெரிய மழை'தான். இதைவிடப் பெரியது வரும்னு யாரும் நினைக்கலை.

நவம்பர் 21. கேரளாவுடன் ஆட்டம், 4–1. மென்டோசாவுக்கு இன்னொரு ஹாட்ரிக். அடுத்து டெல்லி, 4–0. அடுத்து புனே, 1–0. அடுத்து மும்பை, 3–0. நாலு ஆட்டத்தில் 12 கோல் அடித்து, ஒன்றே ஒன்றைத்தான் வாங்கினார்கள். முதல் பத்து ஆட்டத்தில் 14 கோல் வாங்கிய அதே அணி!

லீக் முடிவில் கோவா 25 புள்ளி, கொல்கத்தா 23, சென்னை 22, டெல்லி 22. எட்டாவது இடத்தில் கிடந்த அணி மூன்றாவதாக அரையிறுதிக்குள் நுழைந்தது. எதிரணி கொல்கத்தா. முதல் ஆட்டம் சென்னையில் என்று அட்டவணை சொன்னது.

ஆனால் சென்னை அப்போது தண்ணீருக்குள் இருந்தது.

டிசம்பர் 1, 2

டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையைச் சென்னையில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாஃபர்கான்பேட்டை, மணப்பாக்கம் எல்லாம் மூழ்கின. விமான ஓடுதளத்தில் வெள்ளம், விமான நிலையமே சில நாள் மூடப்பட்டது. 1878-லிருந்து வந்துகொண்டிருக்கும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியலை. அந்தப் பருவமழையில் தமிழகம் முழுக்க நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

நான் அப்போ இன்ஜினியரிங் முதல் வருஷம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டல். தருமபுரிக்காரனுக்கு வெள்ளம்னா என்ன தெரியும்? ஒகேனக்கல்லில் தண்ணி அதிகம், பரிசல் ஓட்டத் தடைன்னு பேப்பரில் வர்ற செய்திதான் எங்களுக்கு வெள்ளம். மத்தபடி நாங்க தண்ணி இல்லாம வளர்ந்தவங்க. கிணத்துத் தண்ணியில் ஃப்ளூரைடு, பல்லில் பழுப்புக் கறை, குடத்தோட வரிசை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லதான் வந்துச்சு. அப்படிப்பட்ட ஊர்லேர்ந்து வந்தவன், மெஸ்ஸுக்குள்ள முழங்கால் தண்ணியில் நின்னுக்கிட்டு, குடிக்கத் தண்ணி இல்லாம இருந்தேன்.

ரெண்டு நாள் போன் வேலை செய்யலை. ஏடிஎம் இல்லை. தேர்வுகள் தள்ளிப்போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஹைவேயில் நின்னு, கிடைச்ச பஸ்ஸில் ஏறி, வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரின்னு ஊர் வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தா எங்க தெருவில் என்னை மாதிரி இன்னும் நாலு பேர். ஒருத்தர் ஒரகடம் கம்பெனி, ஒருத்தர் கட்டட வேலை, ஒரு அக்கா நர்ஸ், ஒருத்தர் கோயம்பேட்டில் காய்கறி லோடு இறக்குறவர். தெருவில் பாதி வீட்டுக்கு அந்த வாரம் சென்னைதான் நியூஸ். "உங்க பையன் வந்துட்டானா?" இதுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா கேட்ட முதல் கேள்வி.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்க தெருவில் ஐ.எஸ்.எல். யாரும் பார்த்தது கிடையாது. அரையிறுதி அன்னைக்கு எங்க வீட்டு ஹாலில் ஒன்பது பேர்.

புனேயில் ஒரு ஹோம் மேட்ச்

நேரு ஸ்டேடியத்தில் ஆட முடியாத நிலை. அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12, பாலேவாடி மைதானம். சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், புனே அணியின் மைதானத்தில், காகிதத்தில் மட்டும் அது சென்னைக்கு 'ஹோம்' ஆட்டம். ஐந்தாம் வேற்றுமை ஞாபகம் இருக்கா? நீங்கல் பொருள். இப்போ பொருத்தமா வந்துருச்சு.

கால்பந்தில் ஹோம் ஆட்டம் என்பது சும்மா சென்டிமென்ட் கிடையாது. பழகிய புல், பயணம் இல்லாத உடம்பு, பின்னாடி கத்துற கூட்டம், எல்லாமே கணக்கில் வரும். இரண்டு ஆட்ட அரையிறுதியே அந்தச் சாதகத்தைச் சமமாகப் பங்கு போடத்தான். சென்னைக்கு அதில் ஒரு பங்கு பறிபோனது. கொல்கத்தாவுக்கு அவர்கள் பங்கு அப்படியே சால்ட் லேக்கில் காத்திருந்தது. 2014-ல் நேரு ஸ்டேடியத்தில் மூணு கோலைத் திருப்பி அடித்த அணிக்கு, தன் மைதானம் என்ன மதிப்புன்னு நல்லாவே தெரியும்.

புனேயில் புரூனோ பெலிசாரி ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு ஜெஜே ஒன்று, மென்டோசா ஒன்று. 3–0.

நாலு நாள் கழித்து, டிசம்பர் 16, கொல்கத்தா. இப்போ மூணு கோல் முன்னிலை சென்னை கையில். ஆனால் அந்த முன்னிலை எவ்வளவு சீக்கிரம் கரையும்னு இவர்களைவிட யாருக்குத் தெரியும்? கொல்கத்தா ஒன்று அடித்தது. கடைசிக் கட்டத்தில் இரண்டாவதும் வந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் கூடுதல் நேரம். கடைசி நிமிடத்தில் ஃபிக்ரு, முந்தைய வருஷம் கொல்கத்தாவுக்காக ஆடிய அதே ஃபிக்ரு, சென்னைக்காக ஒரு கோல் அடித்துக் கதவைச் சாத்தினார். ஆட்டம் 1–2 தோல்வி, மொத்தக் கணக்கு 4–2. இறுதிப் போட்டி.

ஃபட்டோர்டா, டிசம்பர் 20

இறுதிப் போட்டி எங்கே தெரியுமா? கோவாவில். எதிரணி எஃப்சி கோவா. பயிற்சியாளர் பிரேசில் ஜாம்பவான் ஜிகோ. மைதானம் முழுக்க அவங்க ஆளுங்க. அக்டோபரில் 4–0 என்று அடித்த அதே ஃபட்டோர்டா.

முதல் பாதி கோல் இல்லை. 54-வது நிமிடம் சென்னைக்கு பெனால்டி. பெலிசாரி அடிக்கிறார், கோவா கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுக்கிறார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளுகிறார். 1–0. நாலே நிமிடத்தில் ஹாவ்கிப் கோவாவுக்குச் சமன் செய்கிறார். 1–1. உடனே சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இந்த முறை மென்டோசா. கட்டிமணி அதையும் தடுக்கிறார். ஒரே இறுதிப் போட்டியில் இரண்டு பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர். மைதானமே அவர் பெயரைச் சொல்ல வேண்டிய இரவு.

87-வது நிமிடம் ஜோஃப்ரே ஃப்ரீகிக்கில் கோல். கோவா 2–1. எங்க ஹாலில் ரெண்டு பேர் எழுந்து செருப்பு மாட்டிட்டாங்க.

90-வது நிமிடம். கோல் முன்னால் கூட்டநெரிசல், பந்தைத் தடுக்கப் போன கட்டிமணி மேலேயே பட்டு அது உள்ளே போகிறது. ஓன் கோல். 2–2. கூடுதல் நேரம்தான்னு எல்லாரும் முடிவு பண்ணின நொடியில், 92-வது நிமிடம், மென்டோசா. 3–2. அந்த சீசனில் அவருடைய 13-வது கோல், தங்கக் காலணியும் அவருக்கே.

லாகை எடுத்து அடுக்கினால்

அந்த சீசனை இப்போ எல்லாரும் எப்படிச் சொல்றாங்க? "வெள்ளத்தில் தவிச்ச சென்னைக்காக, கடைசி இடத்திலிருந்த டீம் எழுந்து வந்து கோப்பை ஜெயிச்சது." கேட்க அருமையா இருக்கு. ஆனா நான் வேலையில் என்ன பண்றவன்? ராத்திரி ஏதாவது உடைஞ்சா, யார் என்ன கதை சொன்னாலும், முதலில் லாகை எடுத்து நேர வரிசையில் அடுக்குவோம். எது முன்னாடி, எது பின்னாடி. இங்கேயும் அடுக்கிப் பாருங்க.

எழுச்சி தொடங்கியது நவம்பர் 21. அடையாறு கரை தாண்டியது டிசம்பர் 1 இரவு. அதாவது அணி எழுந்தது பெருவெள்ளத்துக்கு முன்னாடி. தற்காப்பு சரியானது, மென்டோசா மறுபடி கோல் போட ஆரம்பித்தது, எல்லாம் கால்பந்துக் காரணங்கள். வெள்ளம் அணிக்குக் கொடுத்தது எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டது ஒன்று, சொந்த மைதானத்தில் ஓர் அரையிறுதி.

அப்போ மக்கள் சொல்றது பொய்யா? எனக்கு அப்படித் தோணலை. மக்கள் அந்த அணியின் கதையைச் சொல்லவில்லை, அந்த டிசம்பரில் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். சேறு வழிச்ச வீட்டில், நனைஞ்ச மெத்தையை மாடியில் காயப் போட்டுட்டு, திருப்பி வந்த கரண்டில் டிவி போட்டவங்களுக்கு அந்த மேட்ச் முன்னாடி நடந்ததா பின்னாடி நடந்ததான்னு தேதி எதுக்கு? ஆனா வரலாறு சொல்றவனுக்குத் தேதி வேணும். தேதியை விட்டுட்டா இன்னொரு விஷயமும் மறைஞ்சுபோகும். பல மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாக வரவழைக்கப்பட்டு அந்தச் சேற்றை அள்ளிய துப்புரவுப் பணியாளர்கள், படகு எடுத்துட்டு வந்த மீனவர்கள், ஏரி எப்போ திறந்தாங்க, ஏன் முன்கூட்டியே சொல்லலைன்னு மக்கள் கேட்ட கேள்விகள். ஒரு கோப்பை இதுக்கெல்லாம் பதில் ஆகிடாது. 'நகரம் மீண்டு எழுந்தது'ன்னு ஒரே வரியில் முடிச்சா, யார் தூக்கி நிறுத்தினாங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

முதலில் கேட்ட கேள்விக்கு வர்றேன். எதை நம்ம டீம்னு சொல்றது? 2018 மார்ச் 17-ல் அதே அணி இரண்டாவது கோப்பையை ஜெயித்தது. பெங்களூருவில், பெங்களூரு எஃப்சிக்கு எதிராக, மறுபடியும் 3–2. ரெண்டு கோப்பையும் எதிரணியின் மைதானத்தில்தான். தருமபுரி ஆட்கள் பலர் பிழைப்புக்குப் போற ஊர் பெங்களூரு. கணக்குப்படி நாங்க அந்தப் பக்கம் நின்னிருக்கணும். எங்க தெருவில் ஒருத்தர்கூட நிக்கலை. 2015 டிசம்பரில் "உங்க பையன் வந்துட்டானா"ன்னு கேட்ட வாரத்திலேயே அது முடிவாகிடுச்சு. நம்ம ஆள் எங்கே மாட்டிக்கிட்டு இருந்தானோ, அந்த ஊர் டீம் நம்ம டீம்.

கடைசியா ஒரு தேதி, அந்த கோல்கீப்பருக்காக. லட்சுமிகாந்த் கட்டிமணி, கோவாக்காரர். தன் ஊர் ரசிகர்கள் முன்னால், இரண்டு பெனால்டியைத் தடுத்தும், ஓன் கோலுக்காக நினைவில் நின்றவர். 2022 மார்ச் 20, ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி, அதே ஃபட்டோர்டா. இப்போது அவர் ஹைதராபாத் அணியில். எதிரணி கேரளா. ஆட்டம் பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. கட்டிமணி மூன்றைத் தடுத்தார், ஹைதராபாத் சாம்பியன். ஆறு வருஷம் மூணு மாசம் ஆச்சு அவருக்கு.

2015 ஃபைனலின் கடைசி ஐந்து நிமிடம் இணையத்தில் கிடைக்கும், பாருங்க. மென்டோசாவைப் பார்த்த பிறகு, ஒரு தடவை கட்டிமணியையும் பாருங்க. உங்க ஊருக்கும் டீம் இல்லையா? யாரை, ஏன் கடன் வாங்கினீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.